எந்த நிமிடத்தில்?

“பிள்ளை பொறந்ததும் அழலைங்க.”

பிசியோதெரபி அறையின் வாசலில் காத்திருக்கும் தாய்மாரிடம் பேச்சுக் கொடுத்தால், மூன்றாவது வாக்கியத்திலாவது இது வந்துவிடும். பிள்ளைக்கு நாலு வயது ஆகியிருக்கும். தூக்கி நிறுத்தினால் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். மூடிய கையைத் திறக்க இன்னொருவர் வேண்டும். தாயின் நினைவோ அந்த லேபர் வார்டிலேயே நிற்கும், எல்லோரும் காத்திருந்த அழுகை வராமல் போன அந்தச் சில நொடிகளில். டாக்டர் வரத் தாமதம், நர்ஸ் கவனிக்கவில்லை, ஆயுதம் போட்டு இழுத்தார்கள் என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். நேரம் மட்டும் மாறாது. எல்லாம் அன்றைக்குத்தான் நடந்தது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த நம்பிக்கையை உலகத்துக்குக் கொடுத்தது மருத்துவம்தான். பிறகு அதில் பெரும்பகுதியைத் திருப்பி வாங்கிக்கொண்டதும் மருத்துவம்தான். நீதிமன்றங்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன.

மூளை முடக்குவாதம் என்று தமிழில் சொல்கிறோம். வாதம் என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். தசையில் பழுதில்லை, நரம்பு அறுந்துபோகவில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், அசைவை ஆளும் இடங்களில் ஒரு காயமோ அமைப்புக் குறையோ ஏற்பட்டு அப்படியே நின்றுவிடுகிறது. காயம் வளர்வதில்லை, குழந்தை வளர்கிறது. அதனால்தான் விளைவுகள் மாதத்துக்கு மாதம் புதிதாகத் தெரியவருகின்றன: தலை நிற்கவில்லை, குப்புற விழவில்லை, ஒரு வயதாகியும் உட்காரவில்லை. ஆயிரம் பிறப்புக்குச் சுமார் இரண்டு குழந்தைகளுக்கு இது வருகிறது. சிலருக்கு அறிவு வளர்ச்சியும் தடைப்படும். பலருக்கு அறிவு முழுதாக இருக்கும், நாக்குதான் ஒத்துழைக்காது. இதை ஒரு நோய் என்பதைவிட, பல பாதைகள் வந்து சேரும் ஓர் ஊர் என்றால் பொருந்தும்.

இந்த ஊருக்கு ஒரே ஒரு பாதைதான் என்று முதலில் காட்டியவர் வில்லியம் ஜான் லிட்டில். லண்டன் எலும்பு மருத்துவர். சிறுவயதில் வந்த நோயால் கால் வளைந்துபோனவர். ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய், ஸ்ட்ரோமையர் என்ற அறுவை மருத்துவரிடம் குதிகால் தசைநாணை வெட்டிச் சரிசெய்துகொண்டு, அந்த வித்தையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர். கைகால் விறைத்த குழந்தைகள் அவரிடம் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு தாயிடமும் பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்டுக் குறித்துவைத்தார். 1861-ல் லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் அந்தக் குறிப்புகளைப் படித்தார்: கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் மூச்சுத் திணறல் ஆகியவையே இந்த விறைப்புக்குக் காரணம். தனக்கு முன்பே இதைக் கவனித்தவர் என்று ஷேக்ஸ்பியரையும் சாட்சிக்கு இழுத்தார். குறைமாதத்தில் பிறந்து உடல் கோணிப்போன மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் பாத்திரத்தைத்தான் சொன்னார். நெடுங்காலம் இந்நோய்க்கு லிட்டில் நோய் என்றே பெயர்.

எதிர்க்கேள்வி வியன்னாவிலிருந்து வந்தது. கேட்டவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். கனவுகளுக்கு விளக்கம் சொல்லக் கிளம்புமுன் அவர் நரம்பு மருத்துவர். குழந்தைகளின் முடக்குவாதத்தைப் பற்றி 1897-ல் தடிமனான ஒரு நூலே எழுதினார். இந்தக் குழந்தைகள் பலருக்கு வலிப்பு, பார்வைக் கோளாறு, அறிவு வளர்ச்சிக் குறைவு என்று வேறு சிக்கல்களும் சேர்ந்தே இருப்பதைக் கண்ட ஃப்ராய்டுக்குச் சந்தேகம் வந்தது. பிரசவம் கடினமானதால் மூளை கெட்டதா, அல்லது கருவில் ஏற்கெனவே ஏதோ கெட்டிருந்ததால்தான் பிரசவமே கடினமானதா? முன்னதாக நடந்தது எல்லாம் காரணம் ஆகிவிடாது என்ற பழைய தர்க்கப் பாடம்தான். ஆனால் அன்றைய மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிட்டிலின் கதையில் தொடக்கம் இருந்தது, தவறு இருந்தது, தவறு செய்யக்கூடிய ஒரு கையும் இருந்தது. ஃப்ராய்டிடம் கேள்வி மட்டுமே இருந்தது.

கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை 12 மருத்துவமனைகளில் சுமார் 54,000 கர்ப்பங்களைத் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்து, பிறந்த பிள்ளைகளை ஏழு வயது வரை பின்தொடர்ந்தார்கள். லிட்டில் செய்தது பின்னோக்கிய விசாரணை: பாதிக்கப்பட்ட பிள்ளையின் தாயைக் கேட்டார், அவரும் கஷ்டமான பிரசவத்தைச் சொன்னார். அதே கஷ்டத்தோடு பெற்று, பிள்ளை ஓடியாடித் திரியும் தாய்மாரை அவர் பார்த்ததே இல்லை. அவர்கள் எதற்காக எலும்பு மருத்துவரிடம் வரப்போகிறார்கள்? இந்த ஆய்வில் இரண்டு தரப்பும் இருந்தார்கள். காரின் நெல்சனும் ஜோனஸ் எலன்பெர்கும் அந்தப் பதிவுகளை அலசி 1986-ல் வெளியிட்ட முடிவு, மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே வளர்ந்தார்கள், முடக்குவாதம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் மூச்சுத் திணறாமலே பிறந்தவர்கள் என்றது. இரண்டு ஆண்டு கழித்து மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆய்வு ஒரு கணக்கையே கொடுத்தது: பிரசவ நேரத்து மூச்சுத் திணறல் காரணமாக இருக்கக்கூடியது சுமார் 8 சதவீதத்தினருக்கு.

மற்றவர்கள்? குறைமாதத்தில் பிறந்தவர்கள் பெரும் பகுதி; 24 முதல் 34 வாரத்துக்குள் மூளையின் வெள்ளைப்பொருள் அவ்வளவு மென்மையானது. கருப்பைக்குள் தொற்று. கருவிலேயே பக்கவாதம்; ஆம், பிறக்காத பிள்ளைக்கும் மூளை ரத்தக்குழாய் அடைபடும். 2020-ல் வந்த ஒரு மரபணு ஆய்வு ஏழில் ஒருவருக்கு மரபணு மாற்றமே காரணம் என்று மதிப்பிட்டது. பிரசவம் சுகமாக முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பாதை இருக்கிறது: மூன்றாம் நாள், நான்காம் நாள் ஏறும் மஞ்சள் காமாலையைக் கவனிக்காமல் விட்டால் பித்தநிறமி மூளையின் ஆழத்தில் படிந்து, கைகால் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும் வகை முடக்குவாதம் வரும். நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தால் தடுத்துவிடக்கூடியது. கவனக்குறைவு என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் எந்தத் தாயும் காமாலையை நினைவு வைத்திருப்பதில்லை. அழாததைத்தான் நினைவு வைத்திருக்கிறார்.

பிரசவ அறைக்குள் இதற்கிடையே ஒரு கருவி வந்திருந்தது. தாயின் வயிற்றில் இரண்டு பட்டைகள்; ஒன்று குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும், இன்னொன்று கருப்பை இறுகுவதை அளக்கும். இரண்டும் நீளமான காகிதப் பட்டையில் கோடுகளாக ஓடும். சி.டி.ஜி. என்பார்கள். பிரிட்டனில் காகிதம் நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும், அமெரிக்காவில் மூன்று. பத்து மணி நேரப் பிரசவம் என்றால் அமெரிக்கப் பட்டை 18 மீட்டர் நீளம் போகும். கருப்பைக்குள் நடப்பதை நிமிடத்துக்கு நிமிடம் எழுதிவைக்கும் சாட்சி ஒன்று கிடைத்துவிட்டதாக மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். வழக்கறிஞர்களும்தான்.

1985-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு இளம் வழக்கறிஞர் ஜூரிகள் முன் நின்று அந்தப் பட்டையை வாசித்தார். வாசித்தார் என்பது போதாது. கருவில் இருக்கும் பெண் குழந்தையின் குரலில், அவளே பேசுவதுபோல மணிக்கணக்குச் சொன்னார்: மூன்று மணிக்கு நன்றாக இருக்கிறாள், நான்கு மணிக்குச் சிரமப்படுகிறாள், ஐந்தரைக்கு வெளியே எடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ஜூரிகள் 65 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். அந்த வழக்கறிஞர் ஜான் எட்வர்ட்ஸ் பின்னாளில் செனட்டர் ஆனார், 2004-ல் துணை அதிபர் பதவிக்கே போட்டியிட்டார். அந்த வழக்கில் மருத்துவமனைப் பக்கம் தவறு இருந்ததா என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் காகிதம் அவ்வளவு பேசக்கூடியதா என்பதற்கு அறிவியலிடம் பதில் இருக்கிறது.

பேசாது. அதே 1985-ல் டப்ளினில் சுமார் 13,000 தாய்மாரை வைத்து நடந்த ஆய்வு வெளியாயிற்று. பாதிப் பேருக்குக் கருவி, மீதிப் பேருக்கு நர்ஸ் குழல் வைத்துக் கேட்கும் பழைய முறை. கருவி வைத்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் வரும் வலிப்பு பாதியாகக் குறைந்தது. நான்கு வயதில் பார்த்தபோது முடக்குவாதம் இரு தரப்பிலும் ஒரே அளவில் இருந்தது. 1996-ல் நெல்சன் இன்னொரு கணக்குப் போட்டார். கலிஃபோர்னியாவில் பிறந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில், பட்டையில் மோசமான அறிகுறி தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் முடக்குவாதம் வந்தது? ஆயிரத்துக்கு இரண்டு பேர். மீதி 998 பேர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வளர்ந்தார்கள். அமெரிக்காவில் 1970-ல் நூற்றுக்கு ஐந்தாறு பிரசவங்கள் சிசேரியனாக இருந்தவை இன்று நூற்றுக்கு 32. நிறைமாதக் குழந்தைகளிடையே முடக்குவாதம் அதற்கேற்பக் குறையவில்லை. காகிதத்துக்குப் பயந்து கத்தியை எடுத்ததில் லாபம் இதுதான்.

பட்டையைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல வேண்டிய சிக்கல் வழக்கறிஞருக்குக் கிடையாது. அவர் பட்டையைக் கையில் எடுக்கும்போது முடிவு ஏற்கெனவே தெரியும். கதையின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு முதல் பக்கத்துக்கு வருகிறவருக்கு ஒவ்வொரு வரியிலும் சகுனம் தெரியும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பிரசவத்தில் எந்தத் தப்பும் நடப்பதில்லை, பெற்றோர் வீணாக வழக்குப் போடுகிறார்கள் என்று யாராவது முடிவுக்கு வந்தால் அதுவும் பிழை. அந்த எட்டு சதவீதம் நிஜம். தொப்புள்கொடி முன்னால் சரிந்து நசுங்குவது, நஞ்சுக்கொடி பிரிவது, கருப்பை கிழிவது, தலை வெளியே வந்த பின் தோள் எலும்பில் சிக்கிக்கொள்வது எல்லாம் நடக்கின்றன. அங்கே ஒவ்வொரு நிமிடமும் மூளையின் மேல் எழுதப்படுகிறது. அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவை போர்ட்டோ ரிக்கோவின் குரங்குகள்.

அந்தத் தீவில் அமெரிக்க அரசு நடத்திய ஆய்வகத்தில் 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் ரொனால்ட் மையர்ஸ் என்பவர் செய்த சோதனைகளை இன்று எந்த அறநெறிக் குழுவும் எளிதில் அனுமதிக்காது. நிறைமாத ரீசஸ் குரங்குக் குட்டிகளை வயிற்றைத் திறந்து வெளியே எடுத்து, கொடியை இறுக்கி, மூச்சு விடமுடியாதபடி தலையை உப்புநீர்ப் பையில் மூடிவைத்து, நிமிடங்களை எண்ணினார். சுமார் பத்து நிமிடம் வரை குட்டியின் மூளை தாங்கியது, காயமே இல்லை. பத்தைத் தாண்டியதும் மூளையின் ஆழத்தில் காயம் தொடங்கியது. இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போனவை பிழைக்கவில்லை. பிறகு வேறு விதமாகச் செய்தார்: ஆக்ஸிஜனை முழுதாக நிறுத்தாமல் மணிக்கணக்கில் குறைத்துக் கொடுத்தார். இப்போது காயம் ஆழத்தில் இல்லை, மூளையின் மேற்புறத்தில் இருந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? மூச்சு மெல்லக் குறையும்போது உடல் ரத்தத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. தோலுக்கும் குடலுக்கும் குறைத்து, மூளைக்குள்ளும் உயிர் காக்கும் ஆழ்மையத்துக்கு முன்னுரிமை கொடுத்து, ஓரங்களைக் கைவிடுகிறது. பஞ்சம் வந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இரண்டு ரத்தக்குழாய்களின் பாசனம் சந்திக்கும் எல்லைதான் மூளையின் கடைமடை, அதுதான் முதலில் காய்கிறது. மூச்சு சட்டென்று முழுதாக நின்றுவிட்டாலோ பங்கிட நேரமே இல்லை. அப்போது எந்தச் செல் அதிகம் உழைக்கிறதோ அதுதான் முதலில் சாகும். நிறைமாதக் குழந்தையின் மூளையில் மிகச் சுறுசுறுப்பான இடங்கள் அசைவை ஒழுங்கு செய்யும் ஆழ்மைய முடிச்சுகள்.

எம்.ஆர்.ஐ. வந்த பிறகு இந்த இரண்டு சித்திரங்களும் மனிதக் குழந்தைகளிலும் தெரிந்தன. காயத்துக்கு வயது உண்டு என்பதும் தெரிந்தது. புதிய காயம் முதல் வாரத்தில் ஒரு விதமாக மின்னும். சில நாளில் அந்த மினுக்கம் மறையும். பிறகு சுருக்கமோ பள்ளமோ மிஞ்சும். பிறந்த மறுநாளே பள்ளம் தெரிந்தால் காயம் வாரங்களுக்கு முன்பே நடந்துவிட்டது. இன்னொரு சாட்சி தொப்புள்கொடி ரத்தம். மூச்சுத் திணறும் குழந்தையின் ரத்தம் புளித்துப்போகும். புளிப்பு ஏற ஏற இறங்கும் pH அளவு 7.0-க்குக் கீழே போயிருந்தால்தான் கடும் திணறல் என்று கொள்ள வேண்டும் என 1999-ல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி அளவுகோல் வகுத்தார்கள்.

இங்கிலாந்து நீதிமன்றங்களில் இப்போது இப்படி ஒரு கணக்கு நடக்கிறது. ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தையின் இதயத்துடிப்பு 10 மணிக்கு விழுந்தது. 10.14-க்குப் பிறந்தது. 10.18-க்குச் செயற்கை மூச்சால் இதயம் மீண்டது. மொத்தம் 18 நிமிடம். குரங்குகள் சொன்னபடி முதல் பத்தைக் கழித்தால், மூளை காயப்பட்டது 10.10 முதல் 10.18 வரை, எட்டு நிமிடம். திறமையான குழு ஒன்பது நிமிடம் முன்னதாக எடுத்திருக்கும் என்று நிரூபித்தால் பிள்ளை முழு நலத்தோடு பிறந்திருக்கும், முழு இழப்பீடு. மூன்று நிமிடம்தான் முந்தியிருக்க முடியும் என்றால்? காயம் எட்டுக்குப் பதில் ஐந்து நிமிடமாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளை நடந்திருக்குமா, தானே சாப்பிட்டிருக்குமா? மூன்று நிமிட வித்தியாசத்துக்கு ஒரு வாழ்நாளின் விலையைப் பேசுகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் உப்புநீர்ப் பையில் மூச்சடங்கிய குரங்குக் குட்டிகளின் மேல்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. மனிதக் குழந்தைக்கும் அதே பத்து நிமிடம்தானா என்று யாரும் சோதித்துப் பார்க்க முடியாது.

கடிகாரத்தை நம்பாமல் வேறு கேள்வியால் வென்ற வழக்கும் உண்டு. ஸ்காட்லாந்தில் 1999-ல் சர்க்கரை நோயுள்ள, உயரம் குறைந்த ஒரு கர்ப்பிணி. சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்குத் தோள் பெருத்திருக்கும். சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது பத்து. குழந்தை பெரிதாக இருப்பதாக அவர் பலமுறை கவலைப்பட்டும் மருத்துவர் அந்த அபாயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது மருத்துவர் தரப்பு வாதம். தோள் சிக்கியது. தலை வந்ததற்கும் உடல் வந்ததற்கும் இடையே 12 நிமிடம். பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். 2015 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் தாயின் பக்கம் நின்றார்கள், இழப்பீடு 52.5 லட்சம் பவுண்டு. மான்ட்கோமரி வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் பாடமாகிவிட்ட இதில் தீர்ப்பு பிரசவ அறையைப் பற்றியதே அல்ல. அதற்கு வாரங்களுக்கு முன்பு, ஆலோசனை அறையில், சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாததைப் பற்றியது. சக மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லமாட்டார்கள் என்பது இனிச் செல்லாது; அந்தத் தாய் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்பதே அளவுகோல்.

கடிகாரக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 1980-களில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸின் குழு, மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளின் மூளையில் ஆற்றல் எவ்வளவு இருக்கிறது என்று காந்தக் கருவியால் அளந்தது. மீட்டெடுத்த சில மணி நேரத்தில் ஆற்றல் இயல்பாகவே இருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, அடுத்த நாள் அளந்தால் ஆற்றல் சரிந்துகிடந்தது. மூளை இரண்டு முறை காயப்படுகிறது. முதல் அடி பிரசவத்தில். இரண்டாம் அடி, அந்த அடியின் நினைவால், பல மணி நேரம் கழித்து. செல்கள் தாமாகவே தங்களை அழித்துக்கொள்ளத் தொடங்குகின்றன. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கதவுக்குச் சாவியாக அமைந்தது குளிர். நியூசிலாந்தில் ஆட்டுக்குட்டிகளிடம் சோதித்து, பிறகு குழந்தைகளிடம் வந்தது: பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, உடலை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்து, 72 மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடும் நமக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் பச்சைக் குழந்தையைக் குளிரவைப்பது என்றால் எந்தப் பாட்டியும் அலறுவார். 2005-லும் 2009-லும் வந்த ஆய்வுகள் பாட்டியின் பயத்தை மீறின. இப்படிக் குளிர்வித்த ஏழெட்டுப் பேரில் ஒருவர் கூடுதலாகச் சாவிலிருந்தோ பெரும் ஊனத்திலிருந்தோ தப்பினார். பணக்கார நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாயிற்று.

பிறகு இங்கே வந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலுமாக ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகள். சென்னைக் குழந்தைகளும் அதில் அடக்கம். 2021-ல் ஹீலிக்ஸ் என்ற இந்த ஆய்வின் முடிவு வெளியானது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். பிழைத்தவர்களைச் சேர்த்துப் பார்த்தாலும் லாபம் இல்லை. அதே குளிர், அதே 33.5 டிகிரி, அதே 72 மணி நேரம். ஏன்? ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று மறுபடியும் கடிகாரத்துக்கே திரும்புகிறது: நம் பக்கத்துக் குழந்தைகளில் பலருக்குக் காயம் பிரசவத்தின் கடைசி நிமிடங்களில் சட்டென்று விழுவதில்லை, தாயின் சோகை, தொற்று, விட்டுவிட்டு நிகழும் நீண்ட திணறல் என்று முன்பிருந்தே மெல்ல நடந்துவந்திருக்கலாம். ஆறு மணி நேரம் என்று நாம் எண்ணத் தொடங்கும்போதே அந்தக் கதவு மூடியிருக்கும். லண்டனில் கணித்த நேரத்தை எழும்பூரில் அப்படியே வைக்கமுடியாது என்பதை 408 குடும்பங்கள் நமக்குச் சொல்லியிருக்கின்றன.

இனிப் பணம். இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை மேல் வரும் இழப்பீட்டு வழக்குகளில் பிரசவ வழக்குகள் எண்ணிக்கையில் பத்தில் ஒன்று போல. மதிப்பிலோ பாதிக்கு மேல். காரணம் எளிது. பிள்ளை அறுபது வருடம் வாழும், அறுபது வருடமும் ஆள் துணை வேண்டும். வழக்கில் வென்ற பிள்ளைக்குச் சக்கர நாற்காலி, பேச்சுக் கருவி, இரவுப் பராமரிப்பாளர், அகலமான கதவுகள் வைத்த வீடு. தோற்ற பிள்ளைக்கும், வழக்கே போட முடியாத 90 சதவீதத்துக்கும் இதே தேவைகள்தான், இதே கைகால்கள்தான். அவர்களுக்குக் காயம் விழுந்த நேரம் தவறு. யார் கையும் பக்கத்தில் இல்லாதபோது விழுந்துவிட்டது. இதைவிட விசித்திரமான ஒரு பங்கீட்டு முறையை யாராவது திட்டமிட்டே உருவாக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஜப்பான் இந்த முடிச்சை வேறு மாதிரி அவிழ்த்தது. அங்கே 2006-ல் பிரசவ மரணம் ஒன்றுக்காக மகப்பேறு மருத்துவரைக் கைது செய்தார்கள். 2008-ல் அவர் நிரபராதி என்று விடுதலையானார். அதற்குள் பல ஊர்களில் பிரசவம் பார்க்க ஆளில்லை என்ற நிலை. 2009 ஜனவரியில் ஒரு திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு சிறு காப்பீட்டுத் தொகை. பிரசவத்தோடு தொடர்புள்ள கடுமையான முடக்குவாதம் என்றால், யார் தவறு என்று கேட்காமலே மொத்தம் மூன்று கோடி யென். தொடக்கத்தில் 60 லட்சம், மீதி 20 ஆண்டுகளில் வருடத்துக்கு 12 லட்சமாக. குறைமாதக் குழந்தைகளுக்கும் தகுதி விதிகள் பின்னர் தளர்ந்தன. பணத்தைவிட முக்கியமானது இரண்டாம் பகுதி. இழப்பீடு பெறும் ஒவ்வொரு பிரசவத்தின் பட்டையையும் குறிப்புகளையும் வாங்கி, வல்லுநர் குழு ஒன்று என்ன நடந்தது என்று எழுதி, பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் ஒரே அறிக்கையைக் கொடுக்கிறது. பெயர்களை நீக்கிய சுருக்கங்கள் பொதுவில் வருகின்றன. திரும்பத் திரும்ப வரும் தவறுகளைத் தொகுத்துத் தனி அறிக்கையும் வருகிறது. தாய்க்கு முதலில் வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்: அன்றைக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்று யாராவது உட்கார்ந்து சொல்வது. அமெரிக்காவில் வர்ஜீனியாவும் ஃப்ளோரிடாவும் 1980-களின் இறுதியிலேயே தவறு கேட்காத நிதியை ஏற்படுத்திவிட்டன.

நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. இருப்பது நுகர்வோர் ஆணையமும் நீண்ட காத்திருப்பும்தான். 1996-ல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு, செய்திருக்க வேண்டிய கண் பரிசோதனையைச் செய்யாததால் பார்வை போயிற்று. முடக்குவாதம் போல் காரணம் குழம்பிய வழக்கு அல்ல. எந்த வாரத்தில் எந்தச் சோதனை என்று பாடநூலிலேயே இருக்கிறது. அதற்கே உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் தரச் சொன்னது 2015-ல். பிள்ளைக்கு அப்போது 18 வயது முடிந்திருந்தது.

நுகர்வோர் சட்டத்தில் புகார் செய்யக் கெடு இரண்டு ஆண்டு. தகுந்த காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிக்கலாம். பல வீடுகளில் முடக்குவாதம் என்ற சொல்லே இரண்டாவது பிறந்தநாளை ஒட்டித்தான் காதில் விழுகிறது. “பேச்சு நடை எல்லாம் மெதுவா வரும், இவங்கப்பாவும் அப்படித்தான்” என்று ஒரு வருடம் ஓடிவிடும். இது தேவையில்லாத தாமதம். பிறந்து மூன்று மாதத்திலேயே, மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் இயல்பான துறுதுறுப்பு அசைவுகளைப் பார்த்துப் பயிற்சி பெற்றவர் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். சிகிச்சைக்கும் அந்த மாதங்கள்தான் பொன்னானவை; அதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை. நான்காம் மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லையா, கட்டைவிரலை உள்ளே மடக்கியே வைத்திருக்கிறதா, ஒரே பக்கக் கையை மட்டும் ஆட்டுகிறதா, அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அந்த வாரமே தூக்கிக்கொண்டு போங்கள்.

கூடவே இன்னொன்றும் செய்யுங்கள், வழக்கு நினைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிப்படி உள்நோயாளியின் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. பிரசவ கேஸ் ஷீட், குழந்தையின் கேஸ் ஷீட், சி.டி.ஜி. பட்டை எல்லாமே வேண்டும். பட்டையைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக நகல் எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் பஸ் டிக்கெட் போன்ற வெப்பத்தாளில் அச்சாவது. பீரோவில் வைத்திருந்தாலும் கோடுகள் மங்கி, கொஞ்ச வருடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும்.